எட்டு உறவுக்கு ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'கஸின்' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? எத்தனை சௌகரியமான சொல்! பெரியப்பா பெண்ணும் கஸின்தான். அத்தை பிள்ளையும் கஸின்தான். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்ற கவலையே இல்லை.

பெய்ஜிங்கில் எனக்கு மொழிபெயர்த்து உதவ வந்த பெண்ணுக்கு அந்தச் சௌகரியத்தின் மேல் தீராத கோபம். கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து, "என் சிஸ்டர்" என்று காட்டினாள். "கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றீர்களே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

"பெரியம்மா மகள். கஸின் என்றுதான் சொல்லவேண்டும், தெரியும். பள்ளிக்கூடத்தில் 'என் சிஸ்டர்' என்று கட்டுரை எழுதினேன். ஆசிரியை அந்தச் சொல்லை அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'கஸின்' என்று எழுதினார். என் அக்காவையே அடித்தது போல் இருந்தது" என்றாள்.

பிறகு ஒரு காகிதத்தில் எட்டுச் சொற்களை எழுதிக் காட்டினாள். அப்பாவின் சகோதரர்களுடைய மக்கள் என்றால் முன்னால் 'தாங்' வரும். அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா மக்கள் என்றால் 'பியாவ்'. அதன் பின்னே அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. ஆக எட்டு! நேரில் கூப்பிடும்போதோ, முன்சொல்லை விட்டுவிட்டு, 'ஜியெஜியே' - அக்கா - என்றே அழைப்பதுண்டு.

சீன நகரங்களில் 1980 முதல் 2015 வரை பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே குழந்தைக்குத்தான் அனுமதி. உடன்பிறப்பில்லாத அந்தத் தலைமுறைக்குப் பெரியம்மா மகள்தான் அக்கா. 'கஸின்' என்றால் ஆங்கிலம் சரியாகிவிடுகிறது, அக்கா போய்விடுகிறாள்!

"போகட்டும், உங்கள் மகளாவது சரியாக எழுதுவாள்" என்று சமாதானம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அவளுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. நான் ஒரே பெண். என் கணவர் ஒரே பிள்ளை. அவளுக்குக் கஸின் எங்கிருந்து வரும்? எட்டுச் சொற்களையும் புத்தகத்தில்தான் படிக்கவேண்டும்."

2016-ல் இரண்டாவது குழந்தைக்கும், 2021-ல் மூன்றாவதற்கும் சட்டம் வழி விட்டது. அந்தச் சிறுமிக்கு ஒரு தங்கை பிறக்கலாம். சித்தியும் அத்தையும் இனி எங்கே பிறப்பார்கள்?

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து என் சித்தி பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நெடுநாளாக எழுதவே இல்லை. நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்த கல்யாண வீட்டில் யாரையாவது 'என் கஸின்' என்று அறிமுகம் செய்ய வாயெடுத்தால், ஒரு கணம் நிறுத்தி, 'என் தங்கை' என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.