14-ம் நம்பருக்கு ஒரு கடிதம்

உங்கள் வீட்டில் பழைய விலாசப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிஷம் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எத்தனை பேரை அடித்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு மூன்று நான்கு விலாசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் இருக்கும் நீள நோட்டில் மொத்தம் 22 பெயர்கள்தாம். ஆனால் அந்த 22 பேருக்காக நான் எழுதி எழுதி அடித்த விலாசங்களுக்குக் கணக்கே இல்லை. அத்தனை பேரும் நர்ஸுகள் அல்லவா? வார்டிலும் சரி, வாழ்க்கையிலும் சரி, நர்ஸ் ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

நாங்கள் 1972-ல் சேர்ந்து 1976-ல் படிப்பை முடித்தவர்கள். பி.எஸ்ஸி. நர்சிங். பல்கலைக் கழகப் பட்டம். "நர்ஸ் வேலைக்குக் கூடவா பட்டம்?" என்று கேட்காத உறவினர் அப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. வேலூரிலும் டில்லியிலும் 1946-லேயே இந்தப் பட்டப் படிப்பை ஆரம்பித்து விட்டார்கள். முப்பது வருஷம் கழித்தும் அந்தச் சேதி எங்கள் பெரியப்பா காதுக்கு எட்டவில்லை. பட்டம் பெற்ற பெண் எதற்காகப் பிறத்தியாருக்கு முதுகு துடைக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. கல்லூரியின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் 14-ம் நம்பர் யாரென்று உங்களில் யாராவது கண்டுபிடித்து விடுவீர்கள்.

நம்பர் என்ன என்று கேட்கிறீர்களா? ஹாஸ்டலில் சலவைக்குப் போகும் யூனிபாரம் மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொருத்தியும் கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் தன் நம்பரைத் தைத்துக் கொள்ள வேண்டும். நாளடைவில் அந்த நம்பரே எங்களுக்குப் பெயராகி விட்டது. நான் 9. எனக்குப் பக்கத்துக் கட்டில் 14.

பதினாலு கெட்டிக்காரி. பெட்ஷீட்டின் மூலையை அவள் மடித்துச் செருகினால் தபால் உறையை மடித்த மாதிரி இருக்கும். இரவு டியூட்டியில் நாங்கள் தூங்கி வழிகிற மூன்று மணிக்கு, அவள் டார்ச் விளக்கைக் கையால் மறைத்துக் கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் மூச்சை எண்ணிக் கொண்டிருப்பாள்.

பரீட்சை முடிந்து பிரியும் போது, வழக்கம் போல எல்லாரும் அழுதோம். வழக்கம் போல, "மறக்க மாட்டேன்" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சத்தியம் செய்தோம். அப்புறம் யாரோ ஒருத்தி உருப்படியாக ஒரு யோசனை சொன்னாள். விலாசங்களை ஒருத்தி வைத்துக் கொள்வது. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் தங்கள் சேதியை அவளுக்கு எழுதுவது. அவள் அதைத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்புவது. திருவல்லிக்கேணியில் எங்களுக்குச் சொந்த வீடு, விலாசம் மாறாது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. லண்டனில் புனித தாமஸ் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸ் பள்ளி 1860-ல் ஆரம்பமாயிற்று. அதற்குக் காரணமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் உடம்புக்கு முடியாமல் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தவர். ஆனால் 1872-லிருந்து 1900 வரையில், பல வருஷங்கள் அந்தப் பள்ளியின் நர்ஸுகளுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். எழுதுவது அவர், எல்லாரும் கூடியிருக்க, வேறொருவர் படித்துக் காட்டுவார். அமெரிக்காவிலோ பழைய மாணவிகளின் சங்கங்கள் எல்லாம் 1896-ல் ஒன்று கூடின. அந்தக் கூட்டுச் சங்கம்தான் 1911-ல் அமெரிக்க நர்ஸுகள் சங்கம் என்று பெயர் மாற்றிக் கொண்டது. ஆக, "சௌக்கியமா, குழந்தைகள் எத்தனை?" என்று ஆரம்பிக்கும் காகிதங்களைச் சாமானியமாக நினைத்து விடக் கூடாது!

எங்கள் முதல் கடிதம் 1977-ம் வருஷம் மே 12-ந் தேதி, அதாவது நைட்டிங்கேல் பிறந்த நாளன்று போயிற்று. தெருக்கோடியில் இருந்த டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து, மசி காய்வதற்காக அம்மாவின் புடவைக் கொடியில் காயப் போட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? இன்னார் ஈரானுக்குப் போயிருக்கிறாள். இன்னார் ராணுவ நர்ஸ் பிரிவில் லெப்டினன்ட், அடுத்த வருஷமே காப்டன். ஒருத்தி மேல் படிப்புக்கு டில்லி. ஒருத்தி லண்டனில் நரம்பு நோய் வார்டு. ஒருத்தி சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் தங்கைகள் இருவருக்குக் கல்யாணம். எனக்கு எழுத எழுதப் பெருமை தாங்காது. காரியார்த்தமாகவும் அது உபயோகப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டால் மார்க் பட்டியல் கேட்பான், கவுன்ஸில் பதிவுக்கு அத்தாட்சி கேட்பான், கூட வேலை பார்த்தவர்களின் சிபாரிசு கேட்பான். "ஒன்பதே, கொஞ்சம் கல்லூரி ஆபீசுக்குப் போய்ப் பாரேன்" என்று எங்கிருந்தாவது ஒரு கடிதம் வரும். போவேன். அந்த ஆபீஸ் வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

பதினாலிடமிருந்து மட்டும் ஒரு வரி கிடையாது. படிப்பு முடிந்த ஆறாம் மாதமே அவளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். நல்ல வசதியான இடம். கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்ஸி.' என்று மட்டும் அச்சாகியிருந்தது. 'நர்சிங்' என்ற வார்த்தையைக் காணோம். அச்சுக்கோப்பவர் விட்டுவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

வருஷா வருஷம் நான் அனுப்புவதும், அவள் பதில் போடாததும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு தடவை அலுத்துப் போய், "பணக்கார வீட்டுக்குப் போனதும் கண் தெரியவில்லை போலிருக்கிறது" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்து கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "காகிதம் திரும்பி வந்ததா?" என்றாள்.

"இல்லை."

"அப்படின்னா யாரோ வாங்கி வெச்சுக்கறாங்கன்னுதானேடி அர்த்தம்?"

2001-ல் எங்களுக்கு வெள்ளி விழா. விலாசங்களைப் புதுப்பித்து அச்சடித்தோம். இருபத்தைந்து வருஷமாகப் பதிலே போடாதவளுக்கு எதற்கு இடம் என்று, சிவப்புப் பென்சிலால் 14-ஐ அடித்தேன். அம்மா அப்போது இல்லை. இருந்திருந்தால் அடிக்க விட்டிருக்க மாட்டாள். அந்த மே மாதம் அவளுக்குக் கடிதம் போகவில்லை.

ஜூன் மாதம் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்து விட்டது. நோயாளியின் சார்ட்டில் எழுதுவது போல அதே குண்டு குண்டு எழுத்து. மூன்றே வரி. "இந்த வருஷம் உன் காகிதம் வரவில்லை. மாதக் கடைசி வரை பார்த்தேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?"

சகோதரிகளே, அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே பஸ் பிடித்தேன்.

பெரிய வீடு, முற்றம், ஊஞ்சல், எல்லாம் இருந்தது. பதினாலுக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. காப்பி கொடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். என்னுடைய 24 கடிதங்களும் வருஷ வாரியாக இருந்தன. ஸ்டென்சில் கடிதங்கள் மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தது.

"ஏண்டி ஒரு வரி கூட எழுதலை?" என்று கேட்டேன்.

"என்னத்தை எழுதறது?" என்றாள். "ஒருத்தி காப்டன், ஒருத்தி மேட்ரன், ஒருத்தி லண்டன். நான் வேலைக்கே போகக் கூடாதுன்னு சொல்லிக் கட்டிக்கிட்டு வந்தாங்க. நர்ஸுக்குப் படிச்சேன்கிறதே இந்தத் தெருவில ஒருத்தருக்கும் தெரியாது. கல்லூரிக் காகிதத்தில வந்து, 'இவ்விடம் சாம்பார் நன்றாகக் கொதிக்கிறது'ன்னு எழுதச் சொல்றியா?"

சிரித்தபடிதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 24 கடிதங்களையும் எழுதியவள் நான்தானே? ஒவ்வொரு வருஷமும் 'இப்போது எங்கே வேலை, என்ன பதவி' என்று கேட்டே தகவல் சேகரித்தேன். வேலையும் பதவியும் இல்லாதவள் என்ன பதில் போடுவாள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

அப்புறம் மெள்ள மெள்ள வெளியே வந்தது விஷயம். 1986-ல் அவளுடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து விட்டது. பேச்சும் போயிற்று. அந்த அம்மாள் 11 வருஷம் படுக்கையில் இருந்து 1997-ல் காலமானார். "முதுகிலே ஒரு புண் வரலை" என்றாள் பதினாலு, சாதாரணமாக.

படிக்கிற உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். எந்த நர்ஸிடமாவது சொல்லிப் பாருங்கள், எழுந்து நிற்பாள். அசையாமல் கிடக்கிற உடம்பில் இடுப்பெலும்பும் குதிகாலும் படுக்கையில் அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோல் முதலில் சிவக்கும், பிறகு பிய்ந்து போகும். அது வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் இரவிலும். துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. நாங்கள் படித்த காலத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்போம். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று பிற்பாடு வந்த பாடம். ஆனால் புரட்டிப் போடுவது மட்டும் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று ஷிப்ட் நர்ஸுகள் செய்கிற வேலை அது. இவள் ஓர் அலாரம் கடிகாரத்தை வைத்துக் கொண்டு 11 வருஷம் தனியாகச் செய்திருக்கிறாள்.

"ஒரு டாக்டர் வந்து முதுகைப் பார்த்துட்டு, 'எந்த நர்ஸை வெச்சிருக்கீங்க?'ன்னு கேட்டார். 'நர்ஸ் எல்லாம் இல்லை, எங்க மருமகதான் பாத்துக்கறா'ன்னு மாமனார் சொன்னார். நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

பிறகு டப்பாவிலிருந்து 1987-ம் வருஷக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். லண்டனுக்குப் போன 6-ம் நம்பர், அவள் வார்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாள்; பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று நான் சேர்த்திருந்தேன். வாய் கோணிய நோயாளிக்கு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றே கீழே தாழ்த்தி, சின்ன ஸ்பூனால், கோணாத பக்கமாக ஊட்ட வேண்டும். தண்ணீராக இல்லாமல் கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தால் புரையேறுவது குறையும் என்று இருந்தது. அந்த நாலு வரிக்கும் பென்சிலால் அடிக்கோடு.

"இதை வெச்சுத்தான் அவங்களுக்குச் சாப்பாடு கொடுத்தேன்" என்றாள்.

காப்டன் ஆனவளைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில் ஒரு கோடும் இல்லை!

அடுத்த வருஷத்திலிருந்து என் கேள்வியை மாற்றினேன். 'எங்கே வேலை?' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, 'இந்த வருஷம் யாரைக் கவனித்துக் கொண்டாய், எப்படி?' என்று கேட்டேன். பதினாலு நாலு பக்கம் எழுதினாள். அது போகட்டும். பத்து வருஷமாக வாய் திறக்காத இன்னும் மூவர் பதில் போட்டார்கள். ஒருத்திக்கு மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை. ஒருத்தி வேலையில் நடந்த தவறு ஒன்றின் காரணமாக ராஜிநாமாச் செய்து, அந்த வெட்கத்திலேயே எங்களிடமிருந்து ஒதுங்கியிருந்தாள். மூன்றாமவளின் கடிதத்தைக் கடைசி வரை யாருக்கும் அனுப்பாதே என்று கேட்டுக் கொண்டாள், இங்கும் எழுதவில்லை.

இப்போது எல்லாருக்கும் கைப்பேசி இருக்கிறது. பிள்ளைகள் எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து விட்டார்கள். காலையில் எழுந்தால் ரோஜாப்பூப் படம், ஒன்றல்ல, ஒன்பது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் 2020-ல் கொரோனா வந்து கதவடைத்துக் கிடந்தபோது, அந்த ரோஜாப்பூ வராத வீட்டுக்கு உடனே போன் போட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அந்த வருஷத்தைத்தான் நர்ஸுகளின் ஆண்டு என்று அறிவித்திருந்தது. நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம். விழாக் கொண்டாட ஏது நேரம்! எங்களில் ஒருத்தியின் மகள் நர்ஸாகி, கொரோனா வார்டில் பாதுகாப்பு உடையோடு நின்றாள். அவளுக்கு இரவில் போனில் தைரியம் சொன்னவள், வேலைக்கே போகாத எங்கள் பதினாலு.

22 பேரில் இன்று 17 பேர் இருக்கிறோம். மே 12-ந் தேதிக் காகிதம் மட்டும் இன்னும் தபாலில்தான் போகிறது. எனக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் ஆகியும் சின்ன எழுத்து தெரிவதில்லை. ஆகவே சென்ற வருஷம் நீள நோட்டைப் பார்சல் செய்து கும்பகோணத்துக்கு அனுப்பி விட்டேன். சிவப்புப் பென்சில் கோட்டை ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன், முழுதும் போகவில்லை.

நோட்டுக் கிடைத்த அன்றே போன் செய்தாள். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏண்டி ஒன்பதே, மூணாம் நம்பரோட பின்கோடு தப்பா இருக்கே, இத்தனை வருஷம் எப்படிடி அவளுக்குக் காகிதம் போச்சு?" என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தாள்.