செம்பூரில் ஒரு வயலின்

பம்பாய்க்குப் போகும் நம்மவர்கள் செம்பூரில் முருகனைத் தரிசித்து, நல்ல காப்பியும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் போனால் சயான்-டிராம்பே சாலைப் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்த இடம் அது.

1949-ல் வந்த 'பர்சாத்' படத்தின் போஸ்டரைப் பார்த்திருக்கிறீர்களோ? ராஜ் கபூரின் ஒரு கையில் வயலின். மற்றக் கையில் நர்கிஸ் பின்புறமாகச் சாய்ந்திருக்கிறார். அவ்வளவுதான்! ஆனால், பார்த்த மாத்திரத்தில், 'காதல் படம், கொஞ்சம் அழவும் வேண்டியிருக்கும்' என்று தெரிந்துவிடுகிறது. எப்படி? பெண்ணின் முழுப் பாரமும் அந்த ஒற்றைக் கையில் அல்லவா இருக்கிறது! கை நழுவினால் விழப் போகிறவள் அவள்தான், அவன் அல்ல. வயலினையும் அவன் கீழே வைப்பதாயில்லை. சண்டைப் படமானால் இரு கையிலும் கத்தியைக் கொடுத்திருப்பார்கள். நமக்கும் இந்தக் கவலை இராது.

அந்தக் காட்சியே கம்பெனியின் சின்னமாகி வாசலில் ஏறியது. 1958-ல் நர்கிஸ் சுனில் தத்தை மணந்து, தம் வீடு, தம் குடித்தனம் என்று போய்விட்டார். சின்னத்திலிருந்த பெண் மட்டும், முகம் தெரியாத கோட்டுருவமாக, அதே கையில் சாய்ந்தபடியே இருந்தாள். அந்த வழியே போக நேர்ந்தால் நர்கிஸுக்கு எப்படி இருந்திருக்கும்? பெண்களாகிய நமக்கு இதைக் கேட்கத் தோன்றாதா?

2017-ல் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. 2019-ல் நிலமும் கைமாறிவிட்டது. பழைய ஆர்.கே. படம் ஏதாவது கிடைத்தால் ஆரம்பத்தைத் தவறவிடாதீர்கள். பிருதிவிராஜ் கபூர் சிவபூஜை செய்வார். அடுத்து அவள் வருவாள், அந்தக் கையில் சாய்ந்தபடி.