லாரிக்காரர்கள் மறித்த ரயில்

நாமக்கல்லுக்கு 2013 வரை ஏன் ரயில் வரவில்லை என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "லாரிக்காரங்க வர விடலீங்க." பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும் நிறைந்த ஊர் என்பதால் மறுகேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அது உறுத்தியது. பரமத்தி வேலூரில் இருந்த என் அமுச்சி (பாட்டி), காவிரி ஆற்றுக்கு அக்கரையில் புகளூர் ரயில் ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர். அவர் பிறக்கும் முன்பே அங்கே ரயில் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் இக்கரைக்கு வராமல் மறிக்க லாரி ஏது?

லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதி ஓய்ந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன்.

"அது வெள்ளைக்காரன் காலம், தம்பி. நான் சொல்றது அப்புறம் நடந்தது."

"யாருங்க ஐயா தடுத்தது?"

"எல்லாம் பெரிய கைங்க."

"பேரு?"

"பேரு சொன்னா நல்லாருக்காது."

அடுத்த முறை போனபோது தடுத்தவர்கள் பஸ் முதலாளிகளாக மாறியிருந்தார்கள். அதற்கும் அடுத்த முறை, நிலம் போய்விடுமென்று பயந்த பண்ணையக்காரர்கள். எந்த வருடம் என்றால் "எம்.ஜி.ஆர். இருந்தப்போ" என்பார், குடைந்தால் "அதுக்கும் முந்தி" என்பார். ஒரு மனு, ஒரு கூட்டம், ஒரு பத்திரிகைத் துணுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் நம்பிக்கை மட்டும் துளியும் அசையவில்லை. கடைசியில் ரயில்வே வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஏந்தம்பி, வெள்ளைக்காரனே நம்மூரச் சுத்தீட்டுத்தான் போயிருக்கறான்!"

அதன்பிறகு தடுத்தது யார் என்று தேடுவதை விட்டுவிட்டேன். வரைபடமே பேசியது. 1856இல் ராயபுரத்தில் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வேயின் குறி மேற்குக் கடற்கரை. பாலக்காட்டுக் கணவாயைப் பிடிப்பதற்காக அந்தப் பாதை சேலம், சங்ககிரி, ஈரோடு என்று சாய்ந்து, 1862இல் பேப்பூர் வரை இணைந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கிளம்பிய இன்னொரு கம்பெனியின் பாதை திருச்சி, கரூர், கொடுமுடி என்று காவிரியின் தென்கரையை ஒட்டியே வந்து, அதே 1860களில் ஈரோட்டைத் தொட்டது. இரண்டுக்கும் நடுவே, ஆற்றுக்கு இக்கரையில் விடுபட்டது நாமக்கல். சேலத்தில் ரயிலேறிக் கரூர் போகிறவர் ஈரோட்டைச் சுற்றி ஏறத்தாழ 125 கி.மீ. போக வேண்டியிருந்தது. நேர்வழி 85 கி.மீ.தான். அதற்கு 1990களில்தான் அனுமதி கிடைத்தது. மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே காவிரியில் பாலம் எழும்பி, 2013 மே மாதம் ரயில் ஓடியது.

பிற்காலத்தில் யாராவது முணுமுணுத்திருக்கலாம். ஆனால் லாரி பிறப்பதற்கு முன்பே ரயில் ஒதுங்கிப் போய்விட்டது; அது விட்டுப்போன இடத்தில்தான் லாரி ஓடிப் பிழைத்தது.

பெரியவர் விடவில்லை. "சரி, இப்ப ரயிலும் லாரியும் எப்படி இருக்குதுன்னு கூட்ஸ் ஷெட்டுல போய்ப் பாரு" என்றார். போனேன். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் பீகார் போன்ற வெளிமாநிலங்களிலிருந்து சரக்கு ரயிலில் வருகிறது. ஒரு ரயிலுக்கு 42 வேகன், சுமார் 2,600 டன். மூட்டைகளை லோடுமேன்கள் இறக்க இறக்க, வரிசையில் நின்ற லாரிகள் தீவன ஆலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போயின. பகையாளிகள் என்று ஊர் சொன்ன இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மக்காச்சோளத்துக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு மனிதர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒற்றைப் பாதை, ஊருக்கு ஊர் நின்று போகும் ரயில்கள் குறைவு. சேலத்துக்கும் கரூருக்கும் தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் இன்னமும் பஸ்ஸில்தான் தொங்குகிறார்கள். காலையும் மாலையும் கூடுதல் பயணிகள் ரயில்கள் வேண்டும். அவை வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் டவுன் பஸ் நிற்க வேண்டும். மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை லாரிக்காரர்களிடமே கேளுங்கள். பழைய பழியைத் துடைக்க அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு.