மஸ்அலா



எங்கள் துறைமுகப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்குப் போவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘கெட்டிகிஸம்’ என்று பெயர். கேள்வி கேட்டுப் படிப்பித்தலைச் சொல்லும் ‘கெட்டகைஸ்’ என்ற வினைச்சொல் அதன் உறவுதான். வேர் கிரேக்கம். மேலிருந்து கீழே ஒலித்தல் என்று அர்த்தம். ‘எக்கோ’வும் அதே வேர்தான். ஆக அந்தச் சொல்லின் பிறப்பில் கேள்வியே இல்லை, ஓசைதான் இருக்கிறது. வினாவிடை முறை வகுப்பில் பழகிப்போய்ப் பிறகு ஒட்டிக்கொண்டது. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ குருவும் சீடனும் பேசும் நூல். நாவலரின் ‘சைவ வினாவிடை’யும் வினாவிடை வடிவம்தான்.

நம்மிடம் இருப்பது வேறு சொல். “ஹஸரத்திடம் ஒரு மஸ்அலா கேட்கணும்” என்கிறோமே, அந்த மஸ்அலா ‘ஸஅல’, கேட்டான், என்ற அரபு வினையில் பிறந்தது. 1572இலேயே வண்ணப் பரிமளப் புலவர் ‘ஆயிர மசலா’ பாடிவிட்டார். அதில் கேட்பவர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர். பதில் சொல்பவர்கள் நபி (ஸல்) அவர்கள். படிக்க வந்தவர்தான் கேட்கிறார்.

போன கிழமை தரம் 10இல் நன்னூலின் ஆறு வினாக்களைப் படிப்பித்தேன். விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா, ஆசிரியர் கேட்பதுபோல என்றேன். பின்வாங்கிலிருந்து ஒரு மகன், “தெரிஞ்சும் ஏன் சேர் கேக்கிறீங்க?” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகப் படவில்லை.

ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றிக் கேட்ட ஹதீஸைச் சொன்னேன். கேட்டவரே ‘சரி’ என்றும் சொன்னது உமர் (ரலி) அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அது அறிவினா. வாய் திறந்து ஒரு பாடமும் நடத்தாமல் கேட்டுவிட்டுப் போனவரைத்தான், உங்கள் மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தவர் என்றார்கள் நபியவர்கள். மறுமை நாள் எப்போது என்ற கேள்விக்கோ, கேட்டவரைவிடத் தனக்கு அதிகம் தெரியாது என்றே பதில் சொன்னார்கள்.

சாதாரண தரப் பரீட்சை வந்தால் நாங்கள் செய்வது என்ன? கடந்தகால வினாத்தாள், அதற்கு ஒரு விடை, நாற்பது கொப்பியிலும் அதே வசனம். புள்ளி வரும், மறுக்கவில்லை. ஆனால் அது கிரேக்கச் சொல்லின் வகுப்பு. தமிழில் காது கொடுப்பதும் ‘கேள்’தான், வினவுவதும் ‘கேள்’தான். எங்கள் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டுமே கிடைக்கிறது.