அழியாப் புருவம்

புருவத்துக்கு நிறம் ஏற்றுவதெல்லாம் இளம் பெண்களின் பைத்தியம் என்று எண்ணும் பெரியோர் நம்மிடையே பலர். அவர்கள் இக்கட்டுரையைப் படியாது விட்டாலும் குற்றமில்லை. ஆயினும் கிளிநொச்சியில் தையற்றொழில் செய்து வாழும், நாற்பதைக் கடந்த ஒருத்தி, அழியாப் புருவம் இட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஆறு மாத காலம் யோசித்தாள் என்றால், காரணம் ஏதேனும் இருக்கத்தானே வேண்டும்? அந்த ஒருத்தி நானே.

2009ஆம் ஆண்டு மாசி மாதம், புதுக்குடியிருப்பில், எறிகணைச் சிதறலொன்று என் இடது புருவத்தை நடுவே பிளந்து சென்றது. காயம் ஆறிற்று, வடுவின்மேல் உரோமம் முளைக்கவில்லை. வேர் அழிந்த இடத்தில் முளைப்பது இயல்பும் அன்று. அன்று தொட்டுக் கண்மைப் பென்சிலே எனக்குத் துணை. வன்னி வெயிலில் காலையில் இட்ட மை பத்து மணிக்கெல்லாம் வியர்வையோடு கலந்து இமைக்கு இறங்கிவிடும். அளவு கொடுக்க வரும் பெண்கள் சிலர், "அக்கா, அது ஷெல் காயமோ?" என்று கேட்பர். அவர்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கோ அன்றைய பகல் முழுவதும் போய்விடும்.

என் அம்மம்மாவின் முன்கையில் பச்சை குத்தியிருந்தது. ஊர் ஊராய் வரும் குறத்தி ஒருத்தி குத்தியதாம். கரிய மையைக் குத்தினாலும் அது நீலமும் பச்சையுமாய்த் தோன்றுவது ஏன் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். விடை இப்பொழுதுதான் கிடைத்தது. தோலின் ஆழத்தே தங்கிய கரியை நாம் மேற்றோலினூடாகவே காண்கிறோம். தோல் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. முன்னாளில் புருவத்தில் பச்சை மை குத்திக்கொண்ட பலரின் புருவம் காலப்போக்கில் நீலம் பாரித்ததற்கும் இதுவே காரணம். இந்நாளில் நிறத்தை மேலாகவே இடுகின்றனர். ஆகவே ஓரிரண்டு ஆண்டுகளில், மிஞ்சினால் மூன்றில், அது மங்கிவிடும். 'அழியாப் புருவம்' என்ற பெயர் வியாபாரிகள் சூட்டியது போலும்!

முறைகள் இரண்டு. ஒன்று மைக்குரோபிளேடிங். வரிசையாகப் பதித்த நுண்ணிய ஊசிகளைக் கையாற் பிடித்து, உரோமம் போலவே ஒவ்வொரு கீறலாக இடுவது. புதிதாய் இட்டபோது பார்ப்பவர் இயற்கை என்றே ஏமாறுவர். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அக்கீறல்கள் விரைவில் கலங்கிப்போகும். மற்றது பவுடர் முறை. இயந்திர ஊசியால் புள்ளி புள்ளியாக நிறம் ஏற்றுவது. 1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் எடிசனின் மின்சாரப் பேனாவைத் தழுவி, பச்சை குத்தும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதன் பேரப்பிள்ளைதான் இது. கீறலின் அழகு இதற்கு இல்லை. பவுடர் பூசியது போலவே தோன்றும். ஆயினும் நெடுநாள் நிற்கும். இரண்டையும் கலந்து செய்வோரும் உளர்.

வடுவுள்ள இடத்துக்கு எது தகும்? தழும்புத் தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் நிறம் ஒரே சீராய்ப் பிடிப்பதில்லை. அதைக் கீறுவதினும் மெல்லப் புள்ளியிடுவதே நன்று. நான் பவுடர் முறையைத் தேர்ந்தது இதனாலேயே. முன்னதாகத் தோல் வைத்தியரிடம் சென்றேன். தடித்து வளரும் தழும்பு உடம்பில் வேறெங்கேனும் உண்டா என்று அவர் பார்த்தார், இல்லை. எனக்குள்ள நீரிழிவு கட்டுக்குள் வரட்டும், அதன்பின் செய்யலாம் என்றார். ஊசி நம் கண்முன்னே உறை பிரிக்கப்படவேண்டும். ஒருவருக்குப் பயன்பட்டது மற்றவருக்கு ஆகாது. மஞ்சட்காமாலைக் கிருமி ஊசி வழியே பரவும். மையையும் மரப்புக் களிம்பையும் முன்னதாகவே சிறிது தடவிச் சோதிப்பதும் அவசியம். மையில் இரும்புச் சத்து இருக்கக்கூடும் ஆகையால், எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைச் சொல்லவேண்டுமாம். என் தோளுக்குள்ளே இன்னமும் கிடக்கும் உலோகத் துண்டைப் பற்றியன்றோ நான் முதலிற் சொல்லவேண்டும்!

இவையெல்லாம் தீர்ந்த பின்னும் ஒன்று தீரவில்லை. அதே எறிகணையில்தான் என் தம்பி போனான். அவனுடைய படம் ஒன்றேனும் எங்களிடம் மிஞ்சவில்லை. எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல் அந்த வடுவில் ஒரு கணம் தங்கும். நான் விஷயத்தைச் சொன்னதும், "அதையும் அழிக்கப் போறியோ பிள்ளை?" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. என் மகளோ, "அம்மம்மா, நிறம்தான் வரும். தழும்பு அப்பிடியே இருக்கும்; கைக்குத் தெரியும்" என்றாள். பதினான்கு வயதுக்காரி!

அம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுநாட் காலை, "நோகுமோ?" என்று கேட்டார்.

தம்பியின் திவசம் மாசியில். அது கழிந்து, பங்குனி இரண்டாம் கிழமைக்கு நாள் குறித்திருக்கிறேன். பத்து நாட்கள் வெயிலும் வியர்வையும் படலாகாது; பொருக்கைப் பிய்க்கலாகாது. ஆறு கிழமை சென்றபின் குறை நிரப்ப மீண்டும் ஒரு முறை போகவேண்டும். அதற்கிடையில் சித்திரைப் புத்தாண்டுக்கென்று தைத்துக் கொடுக்கவேண்டிய சட்டைகள் பதினேழு கிடக்கின்றன.