எல்லாரையும் கேட்பீங்களா, சார்?

தில்லியில் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பட்டம் தொங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.காம். மாட்டியது நானல்ல, அப்பா. காஞ்சிபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவர், பெட்டியின் அடியில் கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு கரோல் பாகுக்குப் போனார்; கண்ணாடிச் சட்டத்தோடு திரும்பினார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் அது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பு இல்லையென்றால், ‘விட்டுப்போச்சா?’ என்று அச்சகத்துக்காரரே கேட்கிற ஊர் எங்களுடையது.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “நீங்கள் டாக்டரா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டாக்டர்கள் தங்கள் பதிவு எண்ணை க்ளினிக்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். விசாரிக்க ஆளில்லாவிட்டால் சுவரில் தொங்குவது சாமி படமா, சான்றிதழா என்பதில் பெரிய வித்தியாசமில்லை.

விசாரிக்கும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது. தனியார் நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பு. கணக்குப் பிரிவுக்கு ஒரு தமிழ் இளைஞர் வந்தார். சான்றிதழைப் பளபளவென்று லாமினேட் செய்திருந்தார். உண்மையைச் சொன்னால் நான் அதை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. நம்ம ஊர்ப் பையன், தெளிவாகப் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து, ஆடிட்டர் கேட்டதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். அந்தப் பதிவு எண் வேறொருவருடையது என்று பதில் வந்தது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

தலைநகருக்கு இது புதிதல்ல. 2015இல் தில்லியின் சட்ட அமைச்சராக இருந்த ஜிதேந்தர் சிங் தோமர், சட்டப் பட்டம் போலி என்ற குற்றச்சாட்டில் ஜூன் 9ஆம் தேதி கைது செய்யப்பட்டார். அவர் காட்டியது பீகாரின் பாகல்பூர் பல்கலைக்கழகப் பட்டம். வேட்புமனுவில் கல்வித் தகுதியைப் பொய்யாகக் குறிப்பிட்டதற்காக அவர் 2015இல் வென்ற தேர்தலை தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் ரத்து செய்தது. அவர் அந்தப் பதவிக்காலம் முழுவதையும் அநேகமாக முடித்துவிட்டிருந்தார்.

அடுத்தது நம் பக்கத்துக் கதை. 2018 செப்டம்பரில் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக அங்கிவ் பைசோயா வென்றார். எம்.ஏ. புத்தவியலில் சேர அவர் கொடுத்திருந்தது வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. சான்றிதழ். எதிரணி மாணவர்கள் சந்தேகத்தைக் கிளப்பினார்கள். அது தாங்கள் தந்ததல்ல என்று வேலூரிலிருந்து பதில் வந்தது. நவம்பரில் அவருடைய அமைப்பான ஏ.பி.வி.பி.யே பதவி விலகச் சொல்லிவிட்டது. சேர்க்கையின்போதே போயிருக்க வேண்டிய ஒரு கடிதம், அவர் தேர்தலில் நின்று ஜெயித்த பிறகுதான் போனது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் பி.காம். பட்டத்தோடு ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். வேலூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா பீடி சுற்றுகிறவர். தேர்வில் முதலாவதாக வந்தாள். முன்பு சூடு பட்டவன் அல்லவா நான், “சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் ஆர்டர்” என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள்.

“எல்லாரையும் இப்படிக் கேட்பீங்களா சார், இல்ல எங்க யுனிவர்சிட்டியை மட்டுமா?”

“எல்லாரையும்தாம்மா” என்றேன். பொய். அன்று மாலை ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் சேர்ந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் விசாரணைக் கடிதம் போயிருந்தது. இருவரும் பீகாரிலிருந்து வந்தவர்கள். தில்லியின் பெரிய கல்லூரிகளில் படித்தவர்களை நாங்கள் கேட்டதே இல்லை. அவர்கள் ஆங்கிலம் பேசிய விதமே எங்களுக்குச் சான்றிதழாக இருந்திருக்கிறது. ஆனால் போலிகளின் விலாசம் பாகல்பூரும் வேலூரும் மட்டும்தானா? 2023 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட 20 போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் 8 இந்தத் தில்லியில்தான் இருந்தன.

அவளுக்கான கடிதம் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு கையெழுத்துக்காக மூன்று வாரம் கிடந்தது. பட்டம் உண்மையானது என்று பதில் வந்தபோது அவள் குருகிராமில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். போலிச் சான்றிதழ்க்காரன் ஒரு நாற்காலியைத் திருடுகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதே பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகப் படித்துத் தேறிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயரையும் சேர்த்துத்தான் அவன் கெடுக்கிறான். பாதிப்பேரை மட்டும் கேட்கிற என் போன்றவர்கள் அவனுக்கு உதவி செய்கிறோம்.

ஒரு காலத்தில் பச்சை மை கையெழுத்துக்காக கெஜட்டட் அதிகாரி வீட்டு வாசலில் காத்திருந்தோம். அந்தக் கையெழுத்து நகலுக்குத்தான் சாட்சி. மூலமே போலியாக இருந்தால் அதற்கு என்ன தெரியும்? இன்று டிஜிலாக்கரிலும் தேசிய கல்விக் களஞ்சியத்திலும் பல்கலைக்கழகங்களே பட்டங்களை ஏற்றுகின்றன. அதில் இல்லாத பழைய பட்டங்களுக்குக் கடிதம் இருக்கிறது. கேட்பது அவமானமில்லை, எல்லோரையும் கேட்டால்.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு விதி கொண்டுவந்தோம். முதல் கடிதம் என் பட்டத்துக்குப் போகட்டும் என்றேன். பரீட்சை எழுதிப் பாஸான பட்டம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பதில் வரும்வரை, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ பிசைந்தது. பெயரில் எழுத்துப்பிழை இருக்குமோ, பழைய ரிஜிஸ்டர் தொலைந்திருக்குமோ என்றெல்லாம் ஓடியது. அந்த மூன்று வாரமும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.