பத்துக் கேள்விகள்

எமது தங்கை தலைப்பிள்ளை பெற்று 31ஆம் நாள் துடக்குக் கழிந்த கிழமையில், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் நிறையைப் பார்த்தபின் ஒரு தாளை எடுத்துத் தங்கையிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். மருமகளைப் பார்க்க வந்து தங்கியிருந்த மாமியார் அருகிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பாக்குச் சீவினார். நாமும் பத்திரிகையும் கையுமாக ஒரு மூலையில் இருந்தோம். எல்லாக் கேள்விக்கும் தங்கை, "ஒரு பிரச்சினையுமில்லை, மிஸ்ஸி" என்றே விடை பகர்ந்தாள். தாளில் விழுந்த புள்ளி மிகக் குறைவு. எல்லோருக்கும் திருப்தி.

பத்து நாட்களின் பின், நடுச்சாமத்திற் கிணற்றுக்கட்டில் தனித்திருந்தவளை எமது அன்னையார் கண்டு, கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அத்தாளின் வரலாற்றை நாம் தேடிப் படித்தது அதன் பின்னரே. கொக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்னும் மூவர் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் அது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பதற்றமோ அச்சமோ தோன்றியதா என்றெல்லாம் வினவி, தன்னைத்தான் ஊறுசெய்யும் எண்ணம் வந்ததா என்பதோடு முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, உச்சம் 30. உடற்களைப்பை அது கேட்பதில்லை. பச்சைப்பிள்ளைக்காரி களைத்திருப்பது நோயன்று என்பது அதன் நியாயம். நோய் இன்னதென்று அது தீர்ப்பதுமில்லை. மேலும் விசாரிக்கப்படவேண்டியவரை இனங்காட்டுவதே அதன் பணி. ஆய்வுகூடம் வேண்டாம், தாளும் பேனையும் போதும் என்பதால் வறிய நாடுகள் இதனை விரும்பி ஏற்றன. வேலூரில் இதன் தமிழ் வடிவத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது.

எனினும், தமிழ் என்றால் எந்தத் தமிழ்? பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற எமக்கு 'மனச்சோர்வு' எளிய சொல். தங்கையின் வாயில் அச்சொல் ஒருநாளும் வந்ததில்லை. "ஒரே யோசினையாக் கிடக்குது, அண்ணா" என்று அவள் எம்மிடம் முன்பே சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு யோசனை இராதா என்று எண்ணி, நாம் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டோம். சிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுவோர் இத்தகைய துயரை 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசித்தல், என்று சொல்வர் எனப் பின்னர் வாசித்தபோது வெட்கமுற்றோம்.

மிஸ்ஸியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"மாமிக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது? பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் எண்டு ஊரெல்லாம் கதை போகும். நீங்களும் இருந்தனீங்கள்தானே!"

காசுள்ள வீட்டுப் பெண் தனியார் வைத்தியரிடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவாள். இரண்டறை வீட்டிற் சாத்துவதற்குக் கதவேது?

பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சி 2008இல் 'லான்செட்' ஏட்டில் வெளியாயிற்று. வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பெண் ஊழியர்களே பயிற்சி பெற்று, சோர்வுற்ற தாய்மாருடன் பலமுறை அமர்ந்து பேசினர். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அத்தாய்மாருள் 23 வீதத்தினரே சோர்வு நீங்காதிருந்தனர். அப்பயிற்சி பெறாத ஊழியரின் வருகையைப் பெற்றோருள் 53 வீதத்தினர். எமது நாட்டிலும் 1926இற் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவின் வழிவந்த ஊழியர் இருக்கின்றனர். ஆயின் ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பில் சில ஆயிரம் மக்கள். நிறை, தடுப்பூசி, பதிவேடு அனைத்தும் அவர் தலையில். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. தாளைக் கொடுத்த அரசு நேரத்தைக் கொடுக்கவில்லை.

கிணற்றடி இரவுக்கு மறுநாள், நாம் அழைக்க மிஸ்ஸி மீண்டும் வந்தார். முருங்கைக்காய் பிடுங்கவேண்டும் என்று சொல்லி மாமியாரை நாம் கோடிப்புறம் அழைத்துச் சென்றோம். தங்கையும் மிஸ்ஸியும் முற்றத்து மாமரத்தடியில் இருந்தனர். அதே தாள், அதே கேள்விகள். இம்முறை புள்ளி 17. தங்கை அழுதது கோடிவரை கேட்டது. மாமியார் முருங்கைக்காய்களை நிலத்தில் வைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார்; பின்பு, தாம் தலைப்பிள்ளை பெற்றிருந்த நாட்களைப் பற்றி மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

வைத்தியருக்குத் துண்டெழுதிக் கொடுத்துவிட்டு மிஸ்ஸி படலையைத் திறந்தபோது முக்கால் மணிநேரம் கழிந்திருந்தது. அன்று அவர் போகவேண்டிய வீடுகள் இன்னும் மூன்று இருந்தன.